வள்ளிக்கு அப்பச்சி எழுதுவது

அன்புள்ள வள்ளிக்கு,

இங்கே நலம். வளவு வீட்டில் ஓடு சரிந்து ஒழுகுவது நிற்கவில்லை. பழுதுபார்க்க ஏழு பங்காளிகளில் நாலு பேர் சரி என்றுவிட்டார்கள், மலேசியாக்காரர்கள் பதிலே போடவில்லை. என் கால் புண் ஆறுகிறது. நீ பயமுறுத்தினாயே, ஆள் சேரும்வரை சத்தமில்லாமல் கிடந்துவிட்டு அப்புறம் விஷம் கக்கும் என்று, அந்த சூடோமோனாஸ் கிருமி இது இல்லையாம். நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

பொங்கலுக்கு வந்தபோது நீ சொன்ன கணவாய் மீன் கதையை நேற்று கோயிலில் எடுத்துவிட்டேன். ஹவாய்க் கடலில் அங்குல நீளக் கணவாய், அதன் அடிவயிற்றில் ஒளிவிடும் பாக்டீரியா. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வேதிப்பொருளைக் கசியவிட்டபடியே இருக்கும். தனியாகக் கடலில் திரிந்தால் அந்தப் பொருள் கரைந்துபோகும். கணவாய்க்குள் நெருக்கியடித்துக் கிடக்கும்போது சேர்ந்துகொண்டே வரும். ஓர் அளவைத் தாண்டியதும் அத்தனையும் ஒன்றாக ஒளிவிடும். இப்படிக் கூட்டம் சேர்ந்ததும் ஒளிவிடுவதை நீல்சன், ஹேஸ்டிங்ஸ் என்ற விஞ்ஞானிகள் 1970-லேயே எழுதிவிட்டார்கள் என்றாய். ஒற்றை விளக்கு எரிந்து யாருக்குத் தெரியும், வீண் செலவு என்றாய். அசல் செட்டிக்கணக்கு! "நம் கோயில் புள்ளி மாதிரிதானே, எத்தனை புள்ளி என்று தெரிந்த பிறகுதானே வரி போடுகிறோம்" என்றேன். "இதற்குக் கணக்கப்பிள்ளை கிடையாது அப்பச்சி" என்று சிரித்தாய். நேற்று கோயிலில் இருந்தவர்கள் "உங்க பொண்ணு கிருமி டாக்டரா?" என்று கேட்டார்கள். கிருமிகள் பேசுவதை ஒட்டுக்கேட்கிறவள் என்றேன். வாயைப் பிளந்தார்கள்.

கல்யாணம் ஆகிக் குடும்பமானால்தான் கோயில் கணக்கில் ஒரு புள்ளி. அதை யோசிக்காமல் உன்னிடமே அந்த உதாரணத்தைச் சொன்னேன், பார்.

மூன்று வாரமாக ஆத்தாவுக்கு ஒரு கட்டைவிரல் படம் மட்டும் அனுப்புகிறாய். பெற்றவர்களுக்கு அது போதுமா? வேலை அதிகம் என்றால் அதையாவது வாயால் சொல்லலாம். நேரத்துக்குச் சாப்பிடு.

வைகாசியில் பேசி வைத்த இடம் கலைந்த அன்று ராத்திரி மூன்று தடவை கூப்பிட்டாய். போன் சார்ஜில் கிடந்தது என்று மறுநாள் சொன்னேன். பொய். என் கையில்தான் இருந்தது. வீட்டின் இரண்டாம் கட்டுக்குள் விளக்குப் போடாமல் உட்கார்ந்து, உன் பெயர் எரிந்து எரிந்து அணைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எடுத்திருந்தால் ஊருக்கு என்ன சொல்வது என்றுதான் முதலில் கேட்டிருப்பேன். என் வாய் எனக்குத் தெரியும். ஆத்தாவுக்குக்கூட இது தெரியாது.

இப்போது ஒன்பது மணிக்கு மேல் போன் தலைமாட்டிலேயே இருக்கிறது. உனக்கு அது காலை. பெரிதாக ஏதும் பேச வேண்டும் என்றில்லை. அந்தக் கணவாய் தினமும் விடியற்காலையில் பாக்டீரியாவில் பெரும்பகுதியை வெளியே தள்ளிவிடும் என்றாயே, வைத்துக் காப்பாற்றியதை ஏன் தள்ளுகிறது? அன்றைக்குக் கேட்க விட்டுப்போயிற்று. அதைச் சொல்லக் கூப்பிட்டாலும் சரி.

அப்பச்சி