பற்பசையை மாற்றும் முன் தண்ணீரைச் சோதியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் ஊர் மளிகைக் கடையில் ‘ஃபுளோரைடு இல்லாத பேஸ்ட் இருக்கிறதா?’ என்று கேட்டு வாங்குவோர் அண்மைக் காலமாகப் பெருகி வருகிறார்கள். தருமபுரி மாவட்டத்தில் முப்பது ஆண்டுகள் தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருந்த எனக்கு, ஃபுளோரைடு பல்லைக் கறைப்படுத்தும் என்ற அவர்களுடைய அச்சம் எங்கிருந்து வருகிறது என்பது நன்றாகத் தெரியும். ஆனால் அவர்கள் அஞ்ச வேண்டிய பொருள் வேறு என்பதைச் சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

ஆண்டுதோறும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைப் பள்ளி வேப்பமரத்தடியில் நிறுத்திப் புகைப்படம் எடுப்போம். ‘சிரிங்க’ என்று புகைப்படக்காரர் சொன்னதும் பல பிள்ளைகள் உதடுகளை இறுக மூடிக்கொள்வார்கள். முன்பற்களின் குறுக்கே சுண்ணாம்பு தீற்றியதுபோல் வெள்ளைக் கோடுகளும், அவற்றின்மேல் காவி ஏறியதுபோல் பழுப்புக் கறையும் இருக்கும். அந்தக் கறையைப் போக்குவதற்காகச் செங்கற்பொடியை வைத்துத் தேய்த்து, ஈறெல்லாம் புண்ணாகி வகுப்புக்கு வந்த ஒரு சிறுமியின் முகம் இன்னும் என் கண்முன் நிற்கிறது. தேய்த்துப் போக்கக்கூடிய அழுக்கு அல்ல அது. பல் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருந்த வயதிலேயே, உடலில் மிகுதியாகச் சேர்ந்த ஃபுளோரைடால் பற்சிப்பியில், அதாவது பல்லின் மேற்பூச்சில், நேர்ந்துவிட்ட குறை. இதைத்தான் பல் ஃபுளோரோசிஸ் என்கிறார்கள்.

அந்த ஃபுளோரைடு முதன்மையாக எங்கள் ஆழ்துளைக் கிணறுகளிலிருந்து வந்தது. பாறைகளிலுள்ள கனிமங்களிலிருந்து அது நிலத்தடி நீரில் கரைகிறது. காய்ச்சினால் போவதில்லை, நீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்தி கூடவே செய்யும். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 1.5 வரை அனுமதிக்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் கூறுகிறது. காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ‘ஃபுளோரோசிஸ் தணிப்பு’ என்ற சொற்கள் சேர்க்கப்பட்டதற்கு எங்கள் மாவட்டத்தின் இந்த நிலைமைதான் காரணம்.

இனி ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். 1000 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் ஆயிரம் பங்கு) பற்பசையில் ஒரு கிராமுக்கு 1 மில்லிகிராம் ஃபுளோரைடு இருக்கும். பட்டாணி அளவு பசை ஏறத்தாழ கால் கிராம்; அதை ஒரு குழந்தை துப்பாமல் முழுவதும் விழுங்கினாலும் உள்ளே போவது கால் மில்லிகிராம்தான். லிட்டருக்கு 3 மில்லிகிராம் ஃபுளோரைடு உள்ள கிணற்று நீரை அதே குழந்தை ஒரு நாளில் ஒரு லிட்டர் குடித்தால் உள்ளே போவது 3 மில்லிகிராம். பற்பசையை மட்டும் மாற்றிவிட்டு அந்தக் கிணற்று நீரிலேயே சமைத்தும் குடித்தும் வருகிற குடும்பம் எதிலிருந்து தப்பிக்கொண்டது?

பல்லின் மேற்பூச்சு உருவாகும் பருவம், ஞானப்பற்கள் நீங்கலாக, ஏறத்தாழ எட்டு வயதோடு முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு பற்பசையிலுள்ள ஃபுளோரைடால் புதிதாக இந்தக் கறை வராது. ஆனால் சொத்தைப் பல் எந்த வயதிலும் வரும். நாம் தின்னும் இனிப்பைக் கிருமிகள் அமிலமாக்கிப் பற்சிப்பியைக் கரைக்கும்போது, உமிழ்நீரிலுள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் மீண்டும் பல்லில் படிவதற்கு ஃபுளோரைடு துணைசெய்கிறது. கிராம்பும் வேம்பும் சேர்ந்த பசைகள் வாய்க்கு இதமாக இருக்கலாம். ஃபுளோரைடு இல்லையென்றால் இந்தக் காப்பு அவற்றில் இல்லை. ஆகவே கறைபட்ட பல்லுடைய பெரியவர்களும் ஃபுளோரைடு பசையைத் தயங்காமல் பயன்படுத்தலாம் என்பேன். விழுங்கிவிடும் வயதுப் பிள்ளைகளுக்கு மூன்று வயது வரை அரிசியளவும், ஆறு வயது வரை பட்டாணியளவும் போதும். பெரியவர் ஒருவர் அருகில் நின்று துப்பச் சொல்ல வேண்டும். நீரில் ஃபுளோரைடு மிகுந்த ஊர்களில் மட்டும், சிறு பிள்ளைகளுக்கு எந்தப் பசை என்பதைப் பல் மருத்துவரைக் கேட்டு முடிவு செய்வது நல்லது. விளம்பரங்களில் தூரிகையின் நீளம் முழுக்கப் பசையைப் பிழிந்து காட்டுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. பிள்ளைகள் அதைப் பார்த்துத்தான் பிழிகிறார்கள்.

பற்பசையில் ஃபுளோரைடு 1000 பிபிஎம்மைத் தாண்டக் கூடாது என்றும், அந்த அளவைக் குழாயிலும் அட்டைப்பெட்டியிலும் குறிப்பிட வேண்டும் என்றும் நம் நாட்டு விதி இருக்கிறது. குறிப்பு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் என் வீட்டிலுள்ள குழாயில் அதைத் தேடிப் படிக்க எனக்கு உருப்பெருக்கிக் கண்ணாடி தேவைப்பட்டது. அதுவும் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தது. அந்த எண்ணைத் தமிழில், கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் அச்சிட உற்பத்தியாளர்கள் முன்வர வேண்டும். அதைவிட முதன்மையாக, ஒவ்வொரு மேல்நிலைத் தொட்டியிலும் அதன் நீரிலுள்ள ஃபுளோரைடு அளவையும் சோதித்த தேதியையும் பெயிண்டால் எழுதி வைக்க ஊராட்சிகளுக்கு அரசு உத்தரவிட வேண்டும். காவிரி நீர் வராத நாள்களில் எங்கள் தெருவினர் இன்றும் குடத்தோடு பழைய ஆழ்துளைக் குழாயடிக்குத்தான் போகிறார்கள். அந்தக் குழாயின் மேல் எந்த எண்ணும் எழுதப்படவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியை,
தருமபுரி மாவட்டம்.