மார்க்கஸை வில்லன் ஆக்காதே

அன்புள்ள தம்பி,

'கேலிபர்' பார்த்துவிட்டு நீ அனுப்பிய செய்தியைப் படித்தேன். மார்க்கஸ் மாதிரி ஒரு நண்பன் இருந்தால் வேறு எதிரியே வேண்டாம் என்று எழுதியிருந்தாய். சரி, அது உன் கருத்து. ஆனால் உன் குறும்படத்திலும் சுற்றுலா போகும் நான்கு பேரில் ஒருவனை அப்படிக் கெட்டவனாக வைக்கப்போகிறேன் என்றாயே, அதைப் படித்ததும் மனசு கேட்கவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். படங்களின் முடிவுகளைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. படம் பார்க்காத மற்றவர்கள் பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது.

மேட் பால்மர் எழுதி இயக்கிய அந்த 2018ஆம் ஆண்டுப் படத்தை மறுபடி நினைத்துப் பார். பள்ளிக்கால நண்பர்கள் இருவர். வோன் சீக்கிரம் அப்பாவாகப் போகிறவன். மார்க்கஸ் கையில் பணம் புழங்குகிறது. ஸ்காட்லாந்து மலைப்பகுதியில் ஒரு சிற்றூருக்கு வேட்டைக்குப் போகிறார்கள். முதல் நாள் இரவு குடி, மறுநாள் காலை தலைவலியோடு காடு. வோன் மானைக் குறிவைத்துச் சுடுகிறான். அந்த நொடியில் மான் விலக, பின்னால் நின்ற சிறுவன் மேல் குண்டு பாய்கிறது. இதுவரை நடந்தது விபத்து. ஓடிவந்த அப்பா மகனின் உடலைப் பார்த்துத் துப்பாக்கியை எடுத்து வோனைக் குறிபார்க்கிறார். மார்க்கஸ் அவரைச் சுட்டுவிடுகிறான்.

ஏன் சுட்டான்? நண்பன் சாகக் கூடாது என்பதற்காக. அந்தக் கணத்தில் அவனுக்கு வேறு எந்தக் கணக்கும் இல்லை. விபத்தைக் கொலையாக மாற்றியது அவனுடைய விசுவாசம்தான். அதன்பிறகு உடல்களைப் புதைப்பது, பொய் சொல்வது எல்லாம் அவன் யோசனை என்பது உண்மை. ஆனால் வோன் ஏன் ஒத்துப்போகிறான்? தன் உயிரைக் காப்பாற்றியவனைப் போலீஸிடம் எப்படிக் காட்டிக்கொடுப்பான்? ஒருவருக்கொருவர் பட்ட கடன்தான் இருவரையும் குழிக்குள் இழுக்கிறது. கடைசியில் உண்மை தெரிந்த ஊர்க்காரர்கள் வோனிடம் கேட்கும் விலையும் அதுதான்: மார்க்கஸை நீயே சுடு, உன்னை விட்டுவிடுகிறோம். சுடுகிறான். மார்க்கஸ் வெறும் வில்லனாக இருந்திருந்தால் அந்தக் காட்சியில் நாம் நிம்மதியாக மூச்சு விட்டிருப்போம். எனக்கு நெஞ்சு அடைத்தது. உனக்கும் அடைத்திருக்கும், இல்லையென்றால் அந்த நள்ளிரவில் எனக்குச் செய்தி அனுப்பியிருக்க மாட்டாய்.

இன்னொன்றையும் கவனி. ஸ்காட்லாந்தில் வெளியூரிலிருந்து மான் வேட்டைக்கு வருகிறவர்களோடு வழக்கமாக அந்த எஸ்டேட்டின் ஆள் ஒருவர் கூடவே நடப்பார். ஸ்டாக்கர் என்பார்கள். எந்த மானைச் சுடலாம், எப்போது விசையை அழுத்தலாம் என்று சொல்வது அவர் வேலை. இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்ப்பது வேட்டையின் முதல் பாடம். இவர்கள் இருவரும் தனியாகப் போனார்கள். நட்புக்கு வெளியே நிற்கும் ஒரு மூன்றாம் மனிதர் அங்கே இருந்திருந்தால், "போலீஸைக் கூப்பிடுங்கள்" என்று சொல்ல ஒரு வாயாவது இருந்திருக்கும்.

'தி ரிச்சுவல்' படத்தின் முதல் அரைமணி நேரம் இழுவை என்றாய். எனக்கு அந்த அரைமணி நேரம்தான் படம். 2017இல் டேவிட் ப்ரூக்னர் எடுத்தது. அவர் அமெரிக்கர், ஆனாலும் படத்தின் நாடி பிரிட்டிஷ். ஐந்து நண்பர்களின் கதை. தொடக்கத்தில் ஒரு மதுக்கடைக்குள் லூக் நுழைகிறான், அவனுக்குத் துணையாக ராப்பும் போகிறான். உள்ளே கொள்ளை நடக்கிறது. லூக் அலமாரிக்குப் பின்னால் பாட்டிலைப் பிடித்தபடி ஒளிந்து நிற்க, ராப் கண்ணெதிரே கொல்லப்படுகிறான். ஆறு மாதம் கழித்து மீதி நான்கு பேரும் ஸ்வீடனில் மலையேறுகிறார்கள். ஏன் ஸ்வீடன்? ராப் ஆசைப்பட்ட இடம். ஏன் காட்டுக்குள் குறுக்கு வழி? டாமின் முட்டி அடிபட்டுவிட்டது, அவன் அதிக தூரம் நடக்கக் கூடாது என்று ஹட்ச் அக்கறைப்பட்டான். துணைக்குப் போனது, செத்தவன் ஆசையை மதித்தது, நொண்டுகிறவனுக்காக வழி மாறியது. இதில் எந்த முடிவு கெட்ட முடிவு, சொல்?

காட்டுக்குள் ஒரு பாழடைந்த வீட்டில் இரவு தங்கிய பிறகு வரும் காலையைத் திரும்பவும் போட்டுப் பார். ஹட்ச் தூக்கத்திலேயே சிறுநீர் கழித்திருக்கிறான். நான்காமவன் ஃபில் துணியில்லாமல், அந்த வீட்டில் இருக்கும் தலையில்லாத உருவத்தின் முன் மண்டியிட்டுக் கிடக்கிறான். லூக்கின் மார்பில் காயங்கள். நான்கு பேருமே நடுங்கிப் போயிருக்கிறார்கள், ஆனால் என்ன கனவு கண்டாய் என்று யாரும் யாரிடமும் உட்கார்ந்து கேட்பதில்லை. அடுத்தவன் மானத்தைக் காப்பாற்றுகிறார்களாம்! இந்த மரியாதைதான் என்னைப் பயமுறுத்தியது, பிறகு வரும் பூதம் அல்ல. லூக்குக்கு மரங்களுக்கு நடுவே அந்த மதுக்கடையின் அலமாரிகளும் விளக்குகளும் தெரிகிற காட்சிகள் இருக்கின்றனவே, அவற்றை எத்தனை முறை வேண்டுமானாலும் பார்ப்பேன். ஆடம் நெவில் 2011இல் எழுதிய மூல நாவலில் இந்த மதுக்கடைக் கொலை கிடையாது. படத்துக்காகச் சேர்த்தது. சேர்த்தவர்களுக்கு என் வணக்கம். கடைசிப் பகுதியில் அந்தப் பூதத்தை வழிபடும் கூட்டத்தார் வந்து எல்லாவற்றையும் விளக்கத் தொடங்கியதும் படம் தளர்ந்துவிடுகிறது. அதில் உன்னோடு ஒத்துப்போகிறேன்.

நீ பட்டியலில் வைத்திருக்கும் 'டாக்ஹவுஸ்', 2009இல் வந்தது, விவாகரத்தான நண்பனைத் தேற்ற ஒரு கும்பல் கிராமத்துக்குப் போகும் கதை. பொழுது போகும். ஆனால் அந்த நட்புக்கு எந்தச் சோதனையும் இல்லாததால் எனக்கு எதுவும் தங்கவில்லை. அப்புறம், ஊர் மதுக்கூடத்தில் எல்லாரும் முறைக்கும் காட்சியை எழுதாதே. 1981இல் வந்த 'அன் அமெரிக்கன் வேர்வுல்ஃப் இன் லண்டன்' அதை நன்றாகவே செய்து முடித்துவிட்டது. 'கேலிபர்' அதைத் திருப்பிப் போட்ட விதத்தைப் படித்துக்கொள். உள்ளூர்க்காரர் லோகனும் மற்ற ஊர்க்காரர்களும் வந்தவர்களிடம் இனிமையாகப் பேசுகிறார்கள். நலிந்துவரும் ஊர் அது, மார்க்கஸின் பணம் வந்தால் பிழைக்கும் என்று நம்புகிறார்கள். இவர்கள் உபசரிக்கும் ஒவ்வொரு முறையும் அந்தப் புதைகுழி நமக்கு நினைவுக்கு வருகிறது.

உன் கதைக்கு வருகிறேன். அந்தக் கெட்டவனை எடுத்துவிடு. நால்வரும் ஒருவரை ஒருவர் நேசிக்கட்டும். அதில் ஒருவன் இன்னொருவனுக்கு ஒரு நல்லது செய்யட்டும், அதனால் வரும் விளைவை யாராலும் தடுக்க முடியாமல் போகட்டும். அந்த நல்லது என்ன என்று தெரிந்த பிறகு காடா, மலையா, கடலா என்பதை முடிவு செய். முதல் பத்துப் பக்கத்தை எழுதியதும் அனுப்பு, அன்றைக்கே படிக்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்