முதல் போரை முதலில் கழுவுங்கள்

சிங்கப்பூரில் உள்ள நம்மூர் நலச் சங்க நிர்வாகிகளுக்கு வணக்கம்.

போன ஞாயிறு தேக்காவில் கூடியபோது, ஊரில் மழைநீரை நிலத்தடிக்கு இறக்கும் ரீசார்ஜ் போர் (ஆழ்துளைக் குழாய்) இரண்டாவதாக ஒன்று போட ஆளுக்கு ஐம்பது சிங்கப்பூர் வெள்ளி என்று அறிவித்தீர்கள். நானும்தான் கை தட்டினேன். அன்றிரவு அம்மா வீடியோவில் ஒரு சொம்புத் தண்ணீரை விளக்குக்கு நேரே தூக்கிக் காட்டினார். மஞ்சளாக இருந்தது. "பாக்கத்தான் முடியும், மோந்து பாத்தா தெரியும், சாக்கடை வாடைப்பா" என்றார். குடிக்க, உலை வைக்க எல்லாம் இப்போது கேன் தண்ணீர்தான். இருபது லிட்டர் கேனைத் தூக்க முடியாமல், வாசலிலிருந்து அடுப்படி வரை காலால் உருட்டிக்கொண்டே போகிறார். வயது எழுபத்தொன்று.

முதல் போர் எங்கள் கொல்லைக் கிணற்றுக்கு முப்பது அடி தள்ளி இருப்பது உங்களுக்குத் தெரியும். பொங்கல் லீவில் போனபோது, பெரியப்பா மகனும் நானும் கடப்பாரையால் அதன் வடிகட்டித் தொட்டி மூடியை நெம்பிப் பார்த்தோம். மணலும் ஜல்லியும் கண்ணிலேயே படவில்லை. ஒரு முழம் சேறு, மேலே ஷாம்பு பாக்கெட்டுகள், பக்கச்சுவர் வெடிப்பு வழியே தெருச் சாக்கடை. திரும்பி வந்து சொன்னேன். "பாப்போம் தம்பி" என்றீர்கள்.

அந்தப் போரால் நீர்மட்டம் ஏறியதை மறுக்கவில்லை. சித்திரையில் வற்றும் கிணற்றில் இப்போது நாலு உறை தண்ணீர் நிற்கிறது. கடலோர ஊருக்கு அது பெரிய விஷயம். கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் நாற்பது அடி உப்புத் தண்ணீரைத் தள்ளி நிறுத்தும். ஆனால் குளத்தில் ஊறும் மழைநீரை மண் வடிகட்டி அனுப்பும். குழாயில் விடுவது நேரே ஊற்றுக்கே போய்விடும். நடுவே இருப்பது அந்த ஜல்லித் தொட்டி ஒன்றுதான். அது அடைத்துக்கொண்டால் கிணற்றில் சாக்கடையை ஊற்றுவது நாம்தான். கிருமியைக் காய்ச்சிக் கொல்லலாம். சாக்கடையோடு வரும் நைட்ரேட் உப்பு காய்ச்சினால் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்டக் கூடத்தான் செய்யும். லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டினால் கைக்குழந்தைக்கு ஆகாது.

ஆகவே பழைய போரைச் சரிசெய்யாமல் புதுப் போர் வேண்டாம்.

நாம் பிழைக்க வந்த ஊரில் மழைக் கால்வாய் வேறு, கழிவுநீர்க் குழாய் வேறு. 2003 முதல் கழிவுநீரை நுண்வடிகட்டி, எதிர்ச் சவ்வூடுபரவல் (ஆர்.ஓ.), புறஊதாக் கதிர் என மூன்று கட்டம் தாண்டிய பிறகே நியூவாட்டர் என்னும் சுத்த நீராக ஆக்குகிறார்கள். நம் சங்கம் ஒரே கட்டத்தில் முடித்துவிட்டது: ரிப்பன் வெட்டு. கொடையாளர் பெயர்க்கல்லை மட்டும் தீபாவளிக்குத் தீபாவளி சோப்பு போட்டுக் கழுவுகிறார்களாம். அதில் என் பெயரும் உண்டு, எழுத்துப்பிழையோடு. தொழிலாளர் விடுதித் தம்பிகள் ஓவர்டைம் பார்த்துக் கொடுத்த காசு அது.

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து பழைய தொட்டியின் சேற்றை வாரி, மணலும் ஜல்லியும் மாற்றி, வெடிப்பைப் பூசச் சொல்லுங்கள். பள்ளிக்கூட மொட்டைமாடித் தண்ணீர் மட்டும் உள்ளே போகட்டும், அதுவும் முதல் மழையை வெளியே விட்ட பிறகு. கிணற்றுத் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டச் சோதனைக்கூடத்தில் கொடுத்து, முடிவை வாட்ஸப் குழுவில் போடுங்கள். புதுப் போர் பேச்சு அதற்கப்புறம்.

என் ஐம்பது வெள்ளியைப் பொருளாளர் அண்ணனிடம் கொடுத்துவிட்டேன். ரசீதில் 'ஜல்லிக்கு' என்று எழுதித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கீழத்தெரு உறுப்பினன்,
துவாஸ்