ஞாயிறு காலை உழைப்பாளர் சிலை, அப்புறம் சோழமண்டலம்

எல்லாருக்கும் வணக்கம். வரும் ஞாயிறு காலை 6 மணிக்கு மெரினா உழைப்பாளர் சிலை எதிரில் கூடுகிறோம், வெயில் ஏறிவிட்டால் நிற்க முடியாது, அதனால் தாமதம் வேண்டாம். பஸ் ஸ்டாப் பெயர் மாதிரி நமக்குப் பழகிப்போன இந்தச் சிலையைச் செய்தவர் தேவிபிரசாத் ராய் சௌத்ரி, 1959இல் திறந்தார்கள். பாறையை நெம்பும் அந்த நாலு பேரையும் ஒரே இடத்தில் நின்று செல்ஃபி எடுத்துவிட்டுக் கிளம்பாமல் சுற்றி வந்து பாருங்கள், தசையெல்லாம் அப்போதுதான் தெரியும்.

அப்புறம் ஈஞ்சம்பாக்கம். ராய் சௌத்ரியிடம் படித்த கே.சி.எஸ். பணிக்கர் 1966இல் தொடங்கிய சோழமண்டலம் கலைஞர் கிராமம், பத்திக் (மெழுகு தடவிச் சாயமேற்றிய) துணி விற்ற காசில் கலைஞர்களே நிலம் வாங்கிய இடம். தோட்டத்துச் சிற்பங்கள் மேல் தயவுசெய்து குழந்தைகளை ஏற்றாதீர்கள்.

காரில் இடம் இருப்பவர்கள் சனி இரவுக்குள் இங்கேயே சொல்லிவிடுங்கள்.