கழுகு தூக்கிய பிள்ளை

அன்புள்ள ராமு,

உன் கடிதத்துக்கு இருபது நாள் கழித்துப் பதில் எழுதுகிறேன், திட்டாதே. பேரனை எல்கேஜியில் சேர்த்தோம். முதல் நாள் ஆயா அவனை இடுக்கிக்கொண்டு உள்ளே போனபோது சட்டை மேலே ஏறி, வாய் கோணி, அவன் கத்திய கத்து தெருமுனை வரை கேட்டது. இந்த முகத்தை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று வீடு வரும்வரை யோசித்தேன். டச்சு ஓவியர் ரெம்பிராண்டின் படத்தில்!

கனிமீட்டின் கிரேக்கப் புராணக் கதை உனக்குத் தெரியும். டிராய் இளவரசன், பேரழகன். தேவர்களின் அரசன் சீயஸ் கழுகாக வந்து அவனைத் தூக்கிப் போய் தேவலோகத்தில் மது ஊற்ற வைத்துக்கொண்டான். மைக்கலாஞ்சலோ வரைந்தது கட்டுடல் வாலிபனை. ரெம்பிராண்ட் 1635-இல் வரைந்ததோ ஒரு கொழுகொழு குழந்தை, துணியைக் கழுகு கவ்வியதில் பின்புறம் முழுக்க வெளியே, கையில் செர்ரி, பயத்தில் மூத்திரம் வேறு. (கனிமீட்தான் வானத்தில் கும்ப ராசி ஆனானாம், நீர் ஊற்றுகிறவனை அவர் இப்படி ஊற்ற விட்டதை நினைத்துத் தனியாகச் சிரித்தேன்.)

அது எண்ணெய் ஓவியம், ஜெர்மனியில் டிரெஸ்டனில் இருக்கிறது. நான் சொல்ல வந்தது அதற்காக அவர் பேனாவால் போட்ட வரைவை. அதுவும் அதே ஊரில்தான். பழுப்பு மை, அவசரக் கோடுகள், தூரிகையால் இழுத்த நிழல். ஓவியத்தில் இல்லாத ஒன்று இதில் உண்டு: கீழே இடது பக்கம், பிள்ளையைப் பறிகொடுத்த அப்பாவும் அம்மாவும். அவர்களைப் பார்த்ததும் மேலே நடக்கிற வேடிக்கை வேடிக்கையாக இல்லை. ஓவியத்தில் ஏன் அவர்களை விட்டுவிட்டார்? எனக்கு அது நஷ்டமாகத்தான் படுகிறது.

பிள்ளைகள் அழுவதை அவர் நன்றாகக் கவனித்தவர். திமிறிக் கத்தும் பையனைத் தாய் தூக்கிப் போகும் பேனா வரைவு ஒன்று பெர்லினில் இருக்கிறது, ஒரு காலில் செருப்பு கழன்று விழும். அதே 1635 டிசம்பரில் அவருக்கும் மனைவி சாஸ்கியாவுக்கும் முதல் பையன் பிறந்து, இரண்டு மாதத்தில் இறந்துபோனான். படத்தோடு இதை முடிச்சுப் போடக் கூடாதுதான், மனசு கேட்கவில்லை.

பேரன் இப்போது டாட்டா காட்டிவிட்டுப் போகிறான், வாசலில் நிற்பது நாங்கள்தான்.

சரி, கண் ஆபரேஷனுக்குத் தேதி குறித்தாயிற்றா? படத்தை அனுப்புகிறேன், அந்த இடது மூலையைப் பெரிதாக்கிப் பார்.

அன்புடன்,
சேகர்