அந்தச் சுவர் விஷயம்

அன்புள்ள பிள்ளை,

நீ வாங்கப்போகும் வீட்டைப் பார்த்த சேர்வேயரின் ரிப்போர்ட்டை அனுப்பி, "பாருங்கோ அப்பா" என்று ஒரு வரி எழுதியிருந்தாய். மூன்று கிழமையாகிறது, பிறகு சத்தமே இல்லை. உனக்கு வேலை கூட என்று அம்மாவுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். அவ நம்பவில்லை. அவவின் கண் ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது.

வீடு வடிவாக இருக்கிறது. உன் சொந்தக் காசில் வாங்குகிறாய், எனக்கு அது பெருமைதான். ஆனால் லொஃப்டுக்கும் (கூரைக்குக் கீழே எடுத்த அறை) பின்பக்க எக்ஸ்டென்ஷனுக்கும் பார்ட்டி வோல், அதுதான் இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவர், அதற்கான காகிதம் ஒன்றுமில்லையே. கவுன்சில் அனுமதி இருக்கிறது என்று விற்பவர் சொன்னாராம். அது வேறு, இது வேறு. இங்கிலாந்தின் 1996ஆம் ஆண்டுப் பார்ட்டி வோல் சட்டப்படி பொதுச் சுவரில் கை வைப்பதற்கு இரண்டு மாதம் முன்பே அயலவருக்கு எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். 14 நாளில் அவர் பதில் தராவிட்டால் பிணக்கு என்றே கணக்கு. பிறகு சேர்வேயர்மார் பார்த்து அவார்ட் என்ற தீர்ப்பை எழுதுவார்கள். வேலை முடிந்தபிறகு அந்த அவார்டை எடுக்க வழியில்லை. ஆகவே விற்பவர் இப்போது எடுத்துத் தருவார் என்று யாரும் சொன்னால் நம்பாதே.

வேலை எந்த ஆண்டு முடிந்தது, அயலவரோடு பிணக்கு இருந்ததா என்று சொலிசிற்றர் மூலம் எழுத்தில் கேள். கட்டாயம் எழுத்தில். காகிதம் இல்லாததற்கு சொலிசிற்றர் இன்சூரன்ஸ் எடுக்கச் சொல்லலாம். அவரைக் கேட்காமல் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிவிடாதே, தட்டினால் பொலிசி கிடைக்காமல் போகலாம். கிடைத்தாலும் அது வெடிப்பை ஒட்டாது. எல்லாம் எழுத்தில் கேள், பிள்ளை. நீ எதையும் வாயால் கேட்டுவிட்டு வருகிறவள்.

எங்கள் லொஃப்டுக்கும் காகிதம் இல்லை.

பில்டர் "தேவையில்லை" என்றான், நானும் காசு மிச்சம் என்று விட்டுவிட்டேன். இரும்பு பீம் ஏற்ற, பக்கத்து வீட்டு வெள்ளை ஆச்சியின் பக்கம் இருந்த பொதுச் சுவரை உடைத்தோம். அவவின் படுக்கையறையில் மேலிருந்து கீழே வெடிப்பு. கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினா. பழைய வெடிப்பு என்று சொன்னேன். வேலைக்கு முன் ஒருவரும் படம் எடுத்து வைக்கவில்லை, அவவால் என்ன செய்ய முடியும்? அதற்குப் பிறகுதான் நீ பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அவ கதவு திறப்பதில்லை. ஆச்சிக்கு வயசு போட்டுது என்று உனக்குச் சொன்னது நான்.

ரிப்போர்ட்டில் பார்ட்டி வோல் பக்கத்தை மட்டும் நீ ஏன் மஞ்சள் அடித்து அனுப்பினாய் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கோல் எடு. அம்மாவுக்கு எடுத்தாலும் பரவாயில்லை.

அப்பா