மண் குதிரைக்கு விழுந்த சிவப்புக் கோடு

தமிழ் வினாத்தாள் தயாரிக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கு வணக்கம்.

போன வாரம் என் மகள் தேர்வுத்தாளை நீட்டியபடி அழுதாள். 'மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்கலாமா' என்று அவள் எழுதியதை அடித்துவிட்டு, 'மண் குதிர், அதாவது ஆற்று மணல்மேடு, இதுவே சரி' என்று பக்கத்தில் எழுதியிருந்தது. 2 மதிப்பெண் போனது பெரிதில்லை, ஆனால் "தாத்தா செய்றது மண் குதிரை இல்லையாப்பா?" என்று கேட்டாள் பாருங்கள், அதற்கு என்ன பதில் சொல்ல? தயவுசெய்து குதிரை என்று எழுதும் பிள்ளைக்கு மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள்.

நாங்கள் மதுரை விளாச்சேரிப் பக்கத்து வேளார் குடும்பம், மண்ணில் வனைவதுதான் தொழில். கோயிலுக்கு மண் குதிரை செய்து சுமந்துபோகும் புரவி எடுப்புத் திருவிழாவுக்கு, செய்யச் சொல்லி ஊரார் ஒரு பிடி மண்ணை, அதாவது பிடிமண் கொடுத்ததும் அப்பா வேலையைத் தொடங்குவார். களிமண்ணோடு மணலும் உமியும் சேர்த்து மிதித்து, நாலு காலையும் குழாய் மாதிரி எழுப்பி, அது இறுகிய பிறகுதான் வயிறு, அப்புறம் கழுத்து. ஒரு வருஷம் சூளைக்குப் போகுமுன் ராத்திரி மழையில் கொட்டகை ஒழுகி, விடிந்து பார்த்தால் முன்னங்கால் இரண்டும் கூழாகிக் குதிரை மண்டியிட்டுக் கிடந்தது. அப்பா அன்று சோறு தொடவில்லை. சுட்ட பிறகும் அதன் மேல் யாரும் ஏறுவதில்லை, கோயில் வரை அதை மனுசன்தான் தோளில் சுமக்கிறான். தங்கக் குதிரையில் அழகர் ஆற்றில் இறங்குவதைச் சித்திரைதோறும் பார்க்கிற மதுரைப் பிள்ளைக்கு இந்தப் பழமொழியில் எந்த இடம் புரியாது?

குதிர் என்றால் எங்களுக்கு நெல் கொட்டி வைக்கிற மண்கூடு. 'எங்கப்பன் குதிருக்குள் இல்லை' என்பதில் வருவதும் அதுதான்.

இதோடு நின்றாலும் பரவாயில்லை. கழுதைக்குக் கற்பூர வாசனை தெரியுமா என்பதும், கழு என்கிற கோரையில் பாய் தைப்பதைத்தான் சொல்கிறது என்று 'கழு தைக்க' ஆக மாறிவிட்டது. நேராகப் பொருள் தருகிற பழமொழியைப் பிழை என்று யார் முடிவு செய்வது? வாட்ஸப்பில் சுற்றுவதை ஆதாரம் கேட்காமல் வகுப்பறைக்குள் விட்டால், வீட்டில் பெரியவர்கள் சொல்வதெல்லாம் தப்பு என்றுதானே பிள்ளைகள் நினைக்கும்?

கோபத்தில் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். குதிர் என்றும் சிலர் சொல்வதாகச் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. குதிரையை மட்டும் அடிக்காதீர்கள். அடுத்த புரவி எடுப்புக்குப் பிடிமண் வந்ததும் சொல்லி அனுப்புகிறேன், ஒருநாள் எங்கள் கொட்டகைக்கு வாருங்கள். காயாத காலைத் தொட்டுப் பார்க்கலாம்.